தமிழ் வரி மட்டும் ஏன் பொடியாக வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கணினியில் தயாரித்துத் தரப்படும் கடிதங்களில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் பொடியாகவும் இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியவில்லை என்று சில நாள்களுக்கு முன் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். "கணினிக்குத் தமிழ் ஒத்துவரவில்லை போலும்" என்று கடிதத்தை முடித்திருந்தார். அவருடைய வருத்தம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. கணினிக்குத் தமிழ் நன்றாகவே ஒத்துவருகிறது. நிரல் எழுதுகிறவர்கள் எழுதாமல் விட்ட இரண்டு மூன்று சொற்களால்தான் அந்த எழுத்து பொடியாகிறது. இணையப் படிவங்களில் நிரப்பப்படும் விவரங்களை வேர்டு ஆவணமாக மாற்றித் தரும் நிரல்களை எழுதுவதுதான் என் தொழில். பதினோரு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். அதற்கு முன் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அதனால் எழுத்து எந்த அளவில், எந்தத் தடிப்பில் அச்சாகிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றியதே இல்லை.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில், வழிமுறை தமிழில். இப்படித் தமிழில் தர வேண்டும் என்று நினைத்ததற்கே அந்த மருத்துவமனையைப் பாராட்ட வேண்டும். ஆனால் அப்பா அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், கடைசியில் என்னிடம் நீட்டினார். "ரெண்டுன்னு மட்டும் தெரியுதும்மா. மிச்சம் என்ன எழுதியிருக்குன்னே தெரியல." வாங்கிப் பார்த்தேன். "2 மாத்திரை, உணவுக்கு முன்" என்ற வரியில் 2 என்ற எண் மட்டும் பெரிதாக, தடித்து நின்றது. பக்கத்திலேயே "மாத்திரை, உணவுக்கு முன்" மெலிந்து, சிறுத்துக் கிடந்தது. நான்கு நாளாக அவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

அதே தாள் அவர்களுடைய இணையதளத்தில் வேர்டு கோப்பாகவும் கிடைத்தது. இறக்கிக்கொண்டேன். வேர்டு கோப்பு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றினால் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே வேர்டு என்று ஒரு கோப்புறை. அதற்குள் உரை முழுவதும் ஒரு கோப்பில், ஸ்டைல்கள் என்ற அலங்கார விதிகள் இன்னொன்றில், எழுத்துருப் பட்டியல் வேறொன்றில், ஆவணம் முழுவதற்குமான எழுத்துரு, நிறத் தேர்வுகளைச் சொல்லும் தீம் தனியாக. எல்லாமே எக்ஸ்எம்எல் என்ற வெற்று உரைதான். இந்தக் கோப்பு வடிவம் 2006 டிசம்பரில் எக்மா என்ற தர அமைப்பின் வழியாக எக்மா 376 என்ற எண்ணுடன் தரமாக வெளியாகி, 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்று சர்வதேசத் தரமும் ஆகிவிட்டது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அப்பாவின் தாளில் அந்த ஒரு வரியைத் தேடி எடுத்தேன். வரி முழுவதும் ஒரே ரன். அதாவது, ஒரே மாதிரி அலங்காரம் கொண்ட ஒரே துண்டு. அதன் தலையில் மூன்று கட்டளைகள் இருந்தன. ஒன்று, எழுத்துருவின் பெயர். இரண்டாவது "பி", அதாவது தடித்த எழுத்து. மூன்றாவது "எஸ்இசட்", மதிப்பு 28. அச்சில் எழுத்தின் அளவைப் புள்ளி என்ற அலகில் சொல்வார்கள். இந்தத் தரத்தில் எழுத்தின் அளவை அரைப் புள்ளிக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பதால் 28 என்றால் 14 புள்ளி. ஆக, நிரல் எழுதியவர் வரி முழுவதும் 14 புள்ளியில் தடித்து வர வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறார். அவருடைய எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் "பி"க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய "பி-சிஎஸ்" இல்லை. "எஸ்இசட்"டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய "எஸ்இசட்-சிஎஸ்" இல்லை. தமிழ் எழுத்துக்கு வேர்டு பார்ப்பது இந்தச் சிஎஸ் கட்டளைகளைத்தான். அவை இல்லாததால் ஸ்டைல் கோப்பின் பொது விதிக்குப் போய், அங்கிருந்த 10 புள்ளியை எடுத்துக்கொண்டது. தடிப்பும் இல்லை. 2 என்ற எண் மட்டும் ஆங்கிலக் கணக்கில் சேர்வதால் 14 புள்ளியில் தடித்து நின்றது. அப்பாவுக்கு ரெண்டு மட்டும் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

இந்தச் சிஎஸ் பற்றித் தமிழில் நிரல் எழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வலைப்பக்கத்தில் எழுத்துருவை ஒரு முறை சொன்னால் போதும். பக்கத்தில் எந்த மொழி வந்தாலும் அந்தப் பெயர்தான். வேர்டு ஆவணத்தில் அப்படி இல்லை. அங்கே எழுத்துரு என்பது நான்கு அறை கொண்ட பெட்டி. ஆஸ்கி என்பது அடிப்படை ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும். எச்-ஆன்சி என்பது மற்ற ஐரோப்பிய எழுத்துகளுக்கும் பல குறியீடுகளுக்கும். ஈஸ்ட்-ஏசியா என்பது சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு. நான்காவதான சிஎஸ் என்பது காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வடிவம் மாறும் எழுத்துமுறைகளுக்கு. தமிழ் இந்த நான்காவது அறையில் இருக்கிறது. அரபி, எபிரேயம், இந்தி, தாய் எல்லாம் அங்கேதான். எழுத்துருவின் பெயருக்கு மட்டுமல்ல, அளவு, தடிப்பு, சாய்வு எல்லாவற்றுக்கும் இந்த அறைக்கெனத் தனிக் கட்டளை உண்டு. மொழிக் குறியீட்டில்கூட தமிழுக்கு உரிய இடத்தின் பெயர் "பைடி".

பலர் தடுக்கி விழுவது அந்தப் பெயரில்தான். பைடி என்றால் இரு திசை. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளை மனத்தில் வைத்து இட்ட பெயர். "தமிழ் இடமிருந்து வலமாகத்தானே போகிறது, இது நமக்கில்லை" என்று நல்ல நிரலர்களே தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது நமக்கும் சேர்த்து வைத்த இடம்.

நிரலர்கள் பெரும்பாலும் இந்த எக்ஸ்எம்எல்லைக் கையால் எழுதுவதில்லை, ஏதாவதொரு நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பைத்தான் பயன்படுத்துவார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் பரவலாகப் பயன்படும் பைத்தான்-டாக்எக்ஸ் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துருவுக்குப் பெயர் வைத்தால் ஆஸ்கி, எச்-ஆன்சி என்ற இரண்டு அறைகள் மட்டும் நிரம்பும். அளவு கொடுத்தால் எஸ்இசட் மட்டும், தடிப்பு கேட்டால் பி மட்டும் எழுதப்படும். சிஎஸ் தடிப்புக்குத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுக்கும். சிஎஸ் எழுத்துருவையும் அளவையும் நாமே அந்த எக்ஸ்எம்எல் துணுக்குக்குள் போய் எழுத வேண்டும், இரண்டு மூன்று வரிதான். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் டாக்எக்ஸ் என்ற பெயரிலேயே உள்ள நூலகத்தில் நான்கு அறைக்கும் தனித்தனியாக எழுத்துருப் பெயர் கொடுக்க வழி இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் சரி, உருவான கோப்பைப் பிரித்து, தமிழ் வரியின் தலையில் சிஎஸ் கட்டளைகள் விழுந்திருக்கின்றனவா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேர்டில் திறந்து "தமிழ் தெரிகிறது, சரி" என்று விட்டுவிடுவது போதாது. தமிழ் எப்படியும் தெரியும். நாம் சொன்னபடி தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்தத் தவறை அதிகம் செய்கிறவர்கள் தமிழ்க் கணிமைக்குப் புதியவர்கள் அல்லர், பழையவர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடு பரவலாவதற்கு முன் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அந்த எண்களுக்குத் தமிழ் முகம் கொடுத்தது எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பை. ஆகவே அன்றைக்கு ஆஸ்கி அறையில் பாமினி என்று எழுதினால் தமிழ் அழகாக வந்தது. எஸ்இசட்டில் 28 என்றால் 14 புள்ளி, பி என்றால் தடிப்பு. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தானே! பிறகு யூனிகோடுக்கு மாறினோம். யூனிகோடில் தமிழுக்கென்றே 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது, தேடினால் கிடைக்கிறது, எந்த யூனிகோடு தமிழ் எழுத்துருவிலும் படிக்க முடிகிறது. எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் பல இடங்களில் உரையை மாற்றினார்களே தவிர, ஆவணம் உருவாக்கும் நிரலை மாற்றவில்லை. எழுத்துருவின் பெயரை மட்டும் பாமினியிலிருந்து லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்குத் திருத்திவிட்டு, அதே ஆஸ்கி அறையில் விட்டுவிட்டார்கள். தமிழ் இப்போது வேறு அறைக்குக் குடிபோய்விட்டது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் தாளை உண்டாக்கிய நிரலும் இப்படிப் பழையதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

சிஎஸ் பாடத்தைப் படித்துவிட்டவர்களும் அடுத்து ஒரு தவறு செய்வார்கள். நானும் செய்தேன். என் முதல் பெரிய வேலை, இருநூறு பக்கத்துக்கு நெருக்கமான ஓர் ஆண்டறிக்கையை வலைத்தளத்தின் தரவிலிருந்து உருவாக்குவது. ஒவ்வொரு ரன்னின் தலையிலும் எழுத்துரு, அளவு, தடிப்பு, நிறம் எல்லாவற்றையும் ஒழுங்காக, சிஎஸ் உள்பட, எழுதினேன். அச்சில் குறையில்லாமல் வந்தது. இரண்டு நாள் கழித்து, தலைப்புகளை மட்டும் ஒரு புள்ளி குறைக்கலாமா என்று கேட்டார்கள். வேர்டில் அவர்களே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலைப்பாகத்தான் மாற்ற முடிந்தது. நான் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டி வைத்திருந்தேன். பொருளடக்கமும் தானாக உருவாகவில்லை. தலைப்பு என்று நான் நினைத்தது வேர்டின் கணக்கில் தலைப்பே இல்லை, பெரிய எழுத்தில் இருந்த சாதாரணப் பத்தி. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற ஒருவர் அந்த அறிக்கையைத் திறந்தால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவ வழியே இருந்திருக்காது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சரியான வழி, அலங்காரத்தை உரையில் வைக்காமல் ஸ்டைலில் வைப்பது. ஸ்டைல் கோப்பில் அடியில் பொது விதி இருக்கும். அதன் மேல் பத்திக்கான ஸ்டைல், அதன் மேல் எழுத்துக்கான ஸ்டைல், எல்லாவற்றுக்கும் மேலே ரன்னின் தலையில் நேரடியாக எழுதும் கட்டளை. மேலே இருப்பது கீழே இருப்பதை வெல்லும். பொது விதியிலேயே நான்கு அறைக்கும் எழுத்துருவையும், எஸ்இசட், எஸ்இசட்-சிஎஸ் இரண்டுக்கும் அளவையும் எழுதிவிட்டால் ஆவணத்தின் பெரும்பகுதி அதிலேயே ஒழுங்காகிவிடும். தலைப்புகளுக்கு வேர்டின் சொந்தத் தலைப்பு ஸ்டைல்களையே பயன்படுத்தி, அவற்றின் எழுத்துருவை மட்டும் நமக்கு வேண்டியபடி மாற்ற வேண்டும். உரைக்குள் இந்தப் பத்தி இன்ன ஸ்டைல் என்று ஒரே ஒரு சொல் இருந்தால் போதும். நேரடிக் கட்டளை எங்காவது ஒன்றிரண்டு இடத்துக்குத்தான்.

தலைப்பு ஸ்டைலை மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. நான் அரை நாள் தொலைத்த பொறி. ஸ்டைலின் சிஎஸ் அறையில் எழுத்துருவின் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் தலைப்புகள் லதாவிலேயே வந்துகொண்டிருந்தன. லதா என்ற பெயரை என் நிரலில் எங்கேயும் நான் எழுதவே இல்லை! தேடிப் பார்த்தால், நான் அடிப்படையாக எடுத்துக்கொண்ட வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) அதே வரியில் "சிஎஸ்-தீம்" என்று இன்னொரு பண்பு ஏற்கெனவே இருந்தது. தீம் பண்பு இருந்தால் பக்கத்தில் எழுதிய பெயரை வேர்டு கண்டுகொள்ளாது, தீம் கோப்புக்குப் போய்விடும். அந்தத் தீம் கோப்பில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் ஓர் எழுத்துரு என்று நீண்ட பட்டியல். அதில் தமிழுக்கு நேரே லதா என்று இருந்தது. ஆஸ்கி, எச்-ஆன்சி அறைகளுக்கும் இதே போன்ற தீம் பண்புகள் உண்டு. புதிய பெயரை எழுதுவதற்கு முன் அவற்றை நீக்க வேண்டும், அல்லது தீம் கோப்பிலேயே மாற்ற வேண்டும்.

வலைப்பக்கத்தின் மூல உரையான எச்டிஎம்எல்லை அப்படியே எடுத்து, பெயரின் கடைசியில் டாக் என்று ஒட்டி அனுப்பும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. வேர்டு அதைத் திறந்துவிடும் என்பதால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அது வேர்டு ஆவணமே அல்ல, வேடமிட்ட வலைப்பக்கம். கைபேசியில் உள்ள பல செயலிகள் அதைத் திறப்பதில்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தலையில் குறிப்பிட மறந்தால் தமிழ் முழுவதும் உருத்தெரியாமல் போகும். படங்கள் கோப்புக்குள் இருக்காது. வேறு வழியே இல்லாமல் அதைத்தான் செய்தாக வேண்டும் என்ற நிலையிலும் தமிழுக்குத் தனி ஏற்பாடு உண்டு. வேர்டு மட்டும் புரிந்துகொள்ளும் சில சிஎஸ்எஸ் பண்புகள், அதாவது வலைப்பக்க அலங்காரக் கட்டளைகள், "எம்எஸ்ஓ" என்று தொடங்கும். அவற்றில் "எம்எஸ்ஓ-பைடி" என்று தொடங்கும் எழுத்துருப் பெயர், அளவு, தடிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அங்கேயும் அதே பைடிதான்.

எச்டிஎம்எல்லை முறையான டாக்எக்ஸாக மாற்றித் தரும் கருவிகள் வேறு. அவற்றிலும் ஓர் எதிர்பார்ப்பைக் கைவிட வேண்டியிருக்கிறது. வலைப்பக்கத்துக்கு அழகாக எழுதிவைத்த சிஎஸ்எஸ் அப்படியே வேர்டுக்கு வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பாண்டாக் என்ற மாற்றுக் கருவி சிஎஸ்எஸ்ஸைப் பொருட்படுத்துவதே இல்லை. மாதிரி ஆவணம் ஒன்றைக் கொடுத்து, அதில் உள்ள ஸ்டைல்களின்படி உருவாக்கச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த முறை அது. ஏனென்றால் அந்த மாதிரி ஆவணத்தை நிரல் தெரியாத வடிவமைப்பாளர் ஒருவர் வேர்டிலேயே உட்கார்ந்து செதுக்கலாம். நான் எச்டிஎம்எல்லில் எது தலைப்பு, எது பத்தி, எது மேற்கோள் என்று ஒழுங்காகச் சொன்னால் போதும். அலுவலகத்தில் வேர்டைத் தமிழுக்கு அமைத்துவைத்திருந்தால் எழுத்துரு உரையாடல் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனிப் பகுதி தெரியும். வடிவமைப்பாளர் நிரப்ப வேண்டியது அதைத்தான்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்எஸ்ஸில் 16 பிக்சல் என்பது 12 புள்ளி. டாக்எக்ஸில் அது 24. இதைக் கவனிக்காமல் எக்ஸ்எம்எல்லில் 12 என்றே எழுதியதால் 6 புள்ளியில் வந்த ஒரு விண்ணப்பப் படிவத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட.

வலையில் எழுத்துருவே பக்கத்தோடு சேர்ந்து இறங்கிவிடும், பார்ப்பவரின் கணினியில் இருக்க வேண்டியதில்லை. ஒன்று இல்லாவிட்டால் அடுத்தது என்று பட்டியலும் கொடுக்கலாம். வேர்டு ஆவணத்தில் ஓர் அறைக்கு ஒரே பெயர். அந்த எழுத்துரு பெறுபவரிடம் இல்லாவிட்டால் அவருடைய கணினி தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். லதா விண்டோஸ் 2000இல் வந்தது. நிர்மலா யூஐ விண்டோஸ் 8இல் வந்தது. மேக் கணினியில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி போன்றவை. ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒரே கடிதம் ஒருவரிடம் ஒரு பக்கமாகவும் இன்னொருவரிடம் கையொப்ப வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டும் நிற்பது இதனால்தான். இதற்கும் தரத்தில் வழி வைத்திருக்கிறார்கள். எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து அனுப்பலாம். ஆனால் எல்லா எழுத்துருவையும் பொதிக்க உரிமை கிடையாது. அனுமதி உண்டா இல்லையா என்பது எழுத்துருக் கோப்புக்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. தடித்த எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்துருவையும் தனியாகப் பொதிய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வரி இடைவெளியைப் பற்றி மெய்ப்புத் திருத்தியவளாக ஒரு வார்த்தை. வரியின் உயரத்தை "இம்மி பிசகாமல் இவ்வளவு" என்று கட்டிவிடும் விதி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அது பொருந்தும். தமிழில் கீ, மீ, றீ போன்றவற்றின் மேல் சுழியும், கூ, பூ, மூ போன்றவற்றின் கீழ்ப் பகுதியும் வெட்டுப்படும். சுழி வெட்டுப்பட்ட கீயைக் கி என்று படிப்பார்கள். மெய்ப்பில் அதை எத்தனை முறை பார்த்தாலும் பிழையாகத் தெரியாது, ஏனென்றால் கோப்பில் எழுத்து சரியாகத்தான் இருக்கும். "குறைந்தது இவ்வளவு" என்ற விதியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

பெயர், தேதி போன்றவற்றுக்கு இடம் விட்டு வார்ப்புரு தயாரிக்கிறவர்கள் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல்லை அடித்துவைக்கிறார்கள். அது 16 புள்ளியில் தடித்து அழகாகத் தெரிகிறது. வார்ப்புருவுக்கு ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. நிரல் அந்த இடத்தில் தமிழ்ப் பெயரை வைக்கும்போதுதான் சிஎஸ் அறை காலி என்று தெரிகிறது. ஒருவருடைய பெயர் அவருடைய சான்றிதழிலேயே மற்ற எல்லாவற்றையும்விடச் சிறிதாக இருப்பது எவ்வளவு வேதனை! அந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெயரையே அடித்துவைத்து ஒப்புதல் கேட்க வேண்டும்.

இப்படி ஆவணங்கள் தயாரிக்கும் வேலையை வெளியே கொடுக்கும் அலுவலகங்களுக்கு என் வேண்டுகோள் இது. வேலையைக் கையேற்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை வரியைப் படிவத்தில் அடித்து, உருவாகும் கோப்பைப் பாருங்கள். "கீர்த்தி பூங்கொடி 25" என்ற வரியே போதும். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தடித்த எழுத்தில், 20 புள்ளியில் கேளுங்கள். தமிழும் ஆங்கிலமும் எண்ணும் ஒரே அளவில், ஒரே தடிப்பில் வருகின்றனவா? சுழியும் கொக்கியும் முழுதாக இருக்கின்றனவா? வேர்டில் தலைப்பின் ஸ்டைலை மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறுகின்றனவா? வேறொரு கணினியிலும் கைபேசியிலும் திறந்தால் அதே பக்கத்தில் முடிகிறதா? ஐந்து நிமிடம் ஆகும். இதைப் பார்ப்பதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்.

அப்பாவின் கோப்பில் விட்டுப்போன அந்த இரண்டு கட்டளைகளை நானே எழுதிச் சேர்த்து, மறுபடி ஜிப்பாகக் கட்டி அச்சிட்டுக் கொடுத்தேன். மாத்திரைப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார். அந்த மருத்துவமனைக்கும் எந்தக் கோப்பில் எந்த வரியில் என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது புதிய தாள் கொடுத்தார்கள். தமிழ் 14 புள்ளிக்கு வந்துவிட்டது. "உணவுக்கு முன்" இன்னும் தடிக்கவில்லை. பி-சிஎஸ்ஸை விட்டுவிட்டார்கள். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நிரல் எழுதும் ஒரு வாசகி